வயலில் நிறுத்திய படகுகள்

எங்கள் அப்பா உர மூட்டை வாங்கினால் கடையிலேயே தையலைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். மண்ணெண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்ப்பார். கோயில் பூசாரி திருநீறு கொடுத்தால்கூட அது சாம்பலா மாவா என்று ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வார். ஊரும் ஏறக்குறைய அப்படித்தான். கேரள எல்லையோரம் முதலமடைப் பக்கம் மழை கொஞ்சம், பேச்சு அதிகம். வருகிற மழையையே நம்பாத ஊர், வருகிற ஆளை எப்படி நம்பும்?

அந்த ஊர் டேமில்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வெள்ளைப் பாய்கள் தெரிந்தன. கரைமேல் மாடு ஓட்டிப் போனவர்கள் முதலில் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் பாதி ஊர் கரைமேல் நின்றது. நானும் போனேன். எனக்கு அப்போது பத்து வயது.

ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்த இரண்டு ஒட்டுப்பலகைப் பாய்மரப் படகுகள். கூட ஐந்தாறு பேர். ஒருவர் பாலக்காட்டில் பல் டாக்டர், ஒருவர் பேங்க் மேனேஜர், ஒருவர் கப்பல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அரைக்கால் சட்டை போட்டிருந்தார்கள். நரைத்த தலையோடு அரைக்கால் சட்டை போட்ட ஆட்களை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனார்கள். அங்கே தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். பொழுது சாய்ந்ததும் படகுகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

"மீனும் புடிக்கல, அக்கட்டால எந்த ஊருக்கும் போகல. சும்மா போயிட்டு சும்மா வர்றதுக்கு எவனாச்சும் படகு வாங்குவானா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அதற்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தை ஊர் சும்மா விடாது. டேமுக்குள் முழுகிப்போன பழைய கோயிலில் செம்புப் பானையில் புதையல் இருக்கிறது, அதைத் தேடுகிறார்கள் என்றார்கள் சிலர். எல்லைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டு போகக் கணக்கெடுக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். சினிமாக்காரர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் நடிகை யாரும் வராததால் அந்தப் பேச்சு இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது.

அடுத்த மாதம் கரையோரம் பனையோலைக் கொட்டகை ஒன்று எழும்பியது. அதன் முன்னால் கிளப் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். சீட்டாடவும் குடிக்கவும்தான் கிளப் என்று எங்கள் ஊரில் எண்ணம். அந்தக் கொட்டகைக்குள் கயிறும் பாயும் துடுப்பும் தவிர ஒன்றும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னபோது, சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் சித்தப்பா போய் அந்தக் கிளப்பில் சேர்ந்துகொண்டார்.

சித்தப்பா அப்பாவுக்கு எட்டு வயது இளையவர். கல்யாணம் ஆகவில்லை. பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். ரேடியோ ரிப்பேர் தெரியும். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும். படகின் சுக்கான் ஆணி ஒன்று உடைந்து கிடந்ததைச் சரிசெய்து கொடுக்கப் போனவர், அதில் ஏறிப் போய் வந்தார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார் என்று அம்மா சொல்வாள். வாரநாட்களில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். சம்பளம் ஏதும் இல்லை. அவரும் ஒரு மெம்பர் என்றார்கள். ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ கொடுத்தார்கள்.

அந்த ஷூதான் அப்பாவின் கண்ணை உறுத்தியது. "சூ போட்ட காலு வயல்ல எறங்குமாடா?" என்று கேட்டார். சித்தப்பா ஷூவைக் கழற்றித் திண்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்ப் பொழுதுக்கும் வரப்பு வெட்டினார். அப்பா அதையும் நம்பவில்லை. இவன் எதற்கு இன்றைக்கு இவ்வளவு வேலை செய்கிறான் என்று அம்மாவிடம் கேட்டார்.

முதல் வருஷம் பேச்சோடு போயிற்று. இரண்டாம் வருஷம்தான் விஷயம் முற்றியது. பேங்க் மேனேஜர் டீக்கடையில் உட்கார்ந்து, ஜனவரி கடைசி வரைக்கும் தண்ணீர் நின்றால் கொச்சியிலிருந்தெல்லாம் ஆள் வரவழைத்துப் பெரிய போட்டி நடத்தலாம் என்று சொல்லிவிட்டார். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேய் மாதிரி அடிக்கும். படகுக்காரர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். மேனேஜர் ஆசையாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் அது. ஆனால் ஜனவரிக் கடைசி வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? ஷட்டரைத் திறக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்? எங்கள் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் முழுக்க ஷட்டர் வழியாகத்தான் வர வேண்டும். டீக்கடையிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், படகுக்காரர்கள் ஷட்டர் திறக்கும் லஸ்கருக்கு வேட்டியும் பிராந்தியும் கொடுத்துவிட்டதாக ஆகியிருந்தது.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைச் சித்தப்பா கூப்பிட்டார். படகில் ஏறுகிறாயா என்றார். ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன்.

படகில் ஒரு நீளக் கயிறு கிடந்தது. அடிக்கு ஒரு முடிச்சு. நுனியில் எங்கள் வீட்டு எடைக்கல் கட்டியிருந்தது. காற்று லேசாக இருந்தது. டேமின் நடுவில் போய்ப் பாயை இறக்கினார். கல்லைத் தண்ணீரில் விட்டார். "நீயே எண்ணு அம்மிணி. நான் எண்ணுனா ஆரும் நம்ப மாட்டாங்க" என்றார்.

என் விரல்களுக்கிடையில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினைந்தில் நின்றுவிட்டது. கயிறு தளர்ந்தது. மறுபடி விடச் சொன்னார். மறுபடியும் பதினைந்து. கல்லை மேலே இழுத்தபோது அதில் களிமண் வெண்ணெய்போல் அப்பியிருந்தது. சித்தப்பா அதை வழித்துப் பார்த்தார். பிறகு ஏழெட்டு இடத்துக்குப் போனோம். எல்லா இடத்திலும் நான்தான் எண்ணினேன். பயம் போய் எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

மதகுச் சுவரில், டேமின் பழைய அடித்தரையிலிருந்து கணக்குப் போட்ட ஓர் அளவுப் பலகை உண்டு. அதில் அன்றைக்கு இருபத்தெட்டு அடி. பழைய ஆற்றுப் பள்ளம் நடுவில்தான் போகிறது என்பதால் அங்கே முப்பதுக்குக் குறையக் கூடாது. பலகையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆனால் அடியில் பாதி சேறு. படகின் வயிற்றுக்கு அடியில் செருகுகிற பலகை ஒன்று இருக்கும். போன வருஷம் மேல்கரை ஓரம் எங்கேயும் இடிக்காத அது இந்த வருஷம் சேற்றில் உரசியது. அதை வைத்துத்தான் சித்தப்பாவுக்கு இந்த எண்ணமே வந்தது. இதையெல்லாம் கரைக்குத் திரும்பும்போது எனக்கு விளக்கிச் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. என் கை பாயின் கயிற்றைப் பிடித்திருந்தது. எனக்கு அதுதான் பெரிது.

ராத்திரி சோறு உண்ணும்போது, என்னைப் படகில் ஏற்றியதை மட்டும் மறைத்து, அவர் பேச்சை எடுத்தார். "அண்ணா, இந்த வருஷம் நெல்லு வேண்டாங்ணா. தண்ணி தையைத் தாண்டாது. கடலை போட்டுக்கலாம்."

அப்பா உருட்டிய சோற்றை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். "இத ஆரு சொல்லச் சொன்னாங்க?"

அதற்குமேல் சித்தப்பா எதைச் சொன்னாலும் அது படகுக்காரர்கள் சொல்லி அனுப்பியதாகவே அப்பாவின் காதில் விழுந்தது. எனக்கும் யோசித்துப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். நெல் போடாவிட்டால் ஷட்டர் அதிகம் திறக்க வேண்டியதில்லை. ஷட்டர் திறக்காவிட்டால் ஜனவரியில் போட்டி நடக்கும். அந்தப் போட்டியில் ஓட சித்தப்பாவும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். நல்லதைச் சொன்ன மனிதருக்கு அந்த நல்லதிலேயே லாபமும் இருந்தது. அதுதான் அவருக்கு வந்த கேடு.

இதை அவர் வீட்டோடு விட்டிருக்கலாமே என்று தோன்றும். விட முடியாது. எங்கள் கால்வாயில் எல்லா வயலும் ஒட்டுக்கா ஒரே பயிர்தான் போட்டாக வேண்டும். ஒருவன் நெல் போட்டுப் பக்கத்தில் ஒருவன் கடலை போட்டால், நெல் வயலின் ஊற்றுத் தண்ணீரில் கடலை அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் கூடி என்ன பயிர் என்று முடிவு செய்வார்கள். பிறகு யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறையைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டை எடுப்பது ஒரு குழந்தைதான். பெரியவன் கையை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. அந்த இரண்டு வருஷமும் சீட்டு எடுக்கும் பிள்ளை நான்.

முந்தின வருஷம் நான் எடுத்த சீட்டில் எங்கள் வீட்டுக்குக் கடைசி முறை வந்தது. அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடு என்பதைக்கூட அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நான்கு நாளை நான் மறக்கவே இல்லை.

கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்று ஆழக் கணக்கைச் சொன்னார். சலசலப்பு எழுந்தது. கனால் ஆபீஸில் பலகையைப் பார்த்து இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் போதும் என்று சொல்லியிருக்கும்போது இவன் யார் சொல்வதற்கு என்றார்கள். ஒருவர் ஷூவைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. நான் மட்டும் அளக்கவில்லை, அண்ணன் மகள்தான் எண்ணினாள், அவளையே கேளுங்கள் என்றார்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அரிசி மில்காரர். அவர் என்னை முன்னால் கூப்பிட்டார். சீட்டுப் போட்ட சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "பயப்படாம சொல்லு அம்மிணி. உன்ற சித்தப்பன் சொல்றத நீ உன்ற கண்ணால பாத்தியா?"

ஊரில் அத்தனை ஆண்களும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் நிஜமாகவே கேட்டார்கள். என் வாயிலிருந்து என்ன வந்தாலும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். நான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டில் சொல்லாமல் படகேறியது அவருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. தூணில் சாய்ந்து, துண்டை முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் பேசாமலிருந்த முகம் அது.

"சித்தப்பா சொன்னாருங்க. நான் பாக்கலீங்க" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதனால் என்ன ஆகிவிடும் என்று தெரியாது. அது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கிற வழக்கு, நான் அப்பா பக்கம் நின்றுவிட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெல் என்று முடிவாயிற்று. நான் சீட்டு எடுத்தேன். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் முறையில் மூன்றாவது இடம் வந்தது. திரும்பிப் போகும்போது அப்பா என் தலையில் கை வைத்துக்கொண்டு நடந்தார். எனக்குச் சொர்க்கம்.

நாற்று நட்டார்கள். பயிர் நன்றாகவே வந்தது. மார்கழி வரைக்கும் சித்தப்பாவை ஊர் கிண்டல் செய்து தீர்த்தது. எங்கேடா உன் சேறு என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டினார். மற்ற நாட்களில் வயலில் நின்றார். அப்பாவும் அவரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் மாட்டைப் பற்றி மட்டும்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பயிர் கதிர் வாங்கும் நேரம். ஒரு காலையில் கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. மறுநாள் கணுக்கால். அதற்கு மறுநாள் கால்வாயில் தவளை மட்டும் இருந்தது. ஷட்டர் முழுதாகத் திறந்துதான் கிடந்தது, மதகு மட்டத்துக்குத் தண்ணீர் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே நிற்கிற தண்ணீர் எந்தக் காலத்திலும் வாய்க்காலுக்கு வராது. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அந்த மிச்சத் தண்ணீரில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வெள்ளைப் பாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் பயிர் வாடுகிறது, அந்தப் பக்கம் படகு ஓடுகிறது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

அப்படித்தான் ஆயிற்று. சித்தப்பா சொன்னது பலித்துவிட்டதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே சொன்னானே, இவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று கேட்டார்கள். ஏற்பாடு செய்தவனுக்குத்தானே தெரியும் என்று பதிலும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். என் அப்பா அதைச் சொன்னாரா என்று தெரியாது. சொன்னவர்களோடு நின்றார்.

புதன்கிழமை காலை இருபது முப்பது பேர் கொட்டகைக்குப் போனார்கள். படகுகளை உடைக்கப் போகிறார்கள் என்று அம்மா பயந்தாள். உடைக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு படகையும் தோளில் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரை வழியாக வந்து, வெடித்துக் கிடந்த எங்கள் வயலின் நடுவில், மணி பிடிக்காத பயிரின்மேல் வைத்தார்கள். பாயையும் ஏற்றிக் கட்டினார்கள். இங்கே ஓட்டுங்கடா என்றார் ஒருவர். கிழக்குக் காற்றில் பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வந்தோம். எங்களுக்குத் திருவிழாதான். நான்கூடச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. கப்பல் படைக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். சண்டை போடவில்லை. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பதரை ஊதிவிட்டார். லாரி வரவழைத்துப் படகுகளை ஏற்றினார்கள். தூக்கிக் கொடுக்க ஊரிலிருந்து போனவர் சித்தப்பா ஒருவர்தான். அப்புறம் அவர்கள் வரவில்லை. கொட்டகை ஓலையை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்துச் சித்தப்பா இடுக்கிப் பக்கம் சாந்தன்பாறையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். கூட்டாளி யாரோ சொல்லி ஏற்பாடு செய்திருந்தான். அப்பா சரி என்றார். அம்மா அழுதாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தபோது, துணிப்பையை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கூட்டத்தில் நான் சொன்னதைப் பற்றி அந்த நான்கு மாதத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கப் போகிறார் என்று நான் இரண்டடி பின்தங்கியே நடந்தேன்.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார். "அம்மிணி, அன்னிக்கு நடுவால நீதான எண்ணுன? நெசமாலுமே பதனஞ்சுதானா?"

நான் அப்பாவின் மகள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் விழுங்காத வீட்டில் வளர்ந்தவள். ஆமாம் என்று சொன்னால் கையோடு இழுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நிறுத்தப் போகிறார், ஊரைக் கூட்டப் போகிறார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அப்புறம் அப்பா என்னோடு எத்தனை நாள் பேச மாட்டார்?

"எனக்கு நெனப்பில்லீங்க சித்தப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "செரி சாமி. நாந்தான் தப்பா பாத்துட்டனாட்ட இருக்குது" என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை. பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

தப்பித்துவிட்டேன் என்று நான் துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவர் அந்தத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். நல்லது கெட்டதுக்கு வருவார், மறுநாள் போய்விடுவார். ஏழெட்டு வருஷம் கழித்து டேமில் சேறு அள்ள லாரிகள் வரிசையாக வந்தபோது, அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதவில்லை. எழுதியிருந்தால் முதலில் என்னைப் பற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்.

என்னைச் சிக்க வைக்கத்தான் கேட்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். நான்கு மாதம் ஊரே சேர்ந்து சொல்லிச் சொல்லி, தான் கண்ணால் பார்த்ததையே அவர் சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார் என்பதும், அது நிஜம்தான் என்று சொல்ல உலகத்தில் என் ஒருத்தியைத் தவிர அவருக்கு வேறு ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் தெரியாமல்தான் கேட்டார்.